நகரத்துக்குத்தானே போகிறேன் என்று சொல்லாதீர்கள்

போன வாரம் வயிற்றுப்போக்குக்கு மருந்து கேட்டு ஓர் இளைஞர் வந்தார். பாலியில் தென்பசார் நகரத்தில் ஒரு வாரம் தனியாகச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தார். வயிறு பெரிய விஷயமில்லை, அதுவாகவே அடங்கிக்கொண்டிருந்தது. நாடி பார்க்கக் கையைப் பிடித்தபோதுதான் கவனித்தேன். கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு சின்னத் தழும்புகள். அரிசி அளவுகூட இல்லை. பொருக்கு உதிர்ந்து இளஞ்சிவப்பாக இருந்தன.

"இது என்ன தம்பி?"

"அதுவா டாக்டர், ஒரு குட்டி நாய். பிஸ்கட் போட்டேன், பல்லு பட்டுடுச்சு. அப்பவே டிஷ்யூல துடைச்சுட்டேன்."

எப்போது என்று கேட்டேன். போன இரண்டாம் நாளாம். கணக்குப் போட்டால் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

2008இல் பாலிக்குள் நுழைந்த வெறிநோய் (ரேபிஸ்) இன்றுவரை அங்கிருந்து ஒழியவில்லை. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கலாம் என்றால், அந்தக் குட்டி இப்போது எங்கே இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? அன்றே தடுப்பூசியைத் தொடங்கினேன். ஆறிப்போன அந்தத் தழும்பைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டேன், தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் வரை காக்கும் ஆயத்த எதிர்ப்புப் பொருள் அது. அங்கே இடமே கிடையாது, தோல் விறைத்துக்கொள்ளும், பயங்கரமாக வலிக்கும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காத்திருந்த நேரத்தில் தன் பயணத் திட்டத்தை செல்பேசியில் காட்டினார். ஏழு நாளுக்கும் மணிக்கணக்கு இருந்தது. எந்தக் கடையில் காபி, எந்த இடத்தில் சூரிய அஸ்தமனம், எந்தச் சந்தில் நல்ல நூடுல்ஸ் என்று எல்லாம் எழுதியிருந்தார். பக்கத்தில் எந்த மருத்துவமனை என்று ஒரு வரி இல்லை. இந்த ஆண்டு இதே மாதிரி என்னிடம் வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பயணத்துக்கு முன் ஆலோசனைக்கு வருபவர்களிடம் தடுப்பூசி என்று ஆரம்பித்தாலே எனக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "நான் காட்டுக்கா போறேன் டாக்டர், நகரத்துக்குத்தானே?"

இந்த நம்பிக்கையைப் போல என்னைச் சோர்வடைய வைப்பது வேறில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு காட்டுக் கொசு அல்ல. அது நகரத்துக் கொசு. மனிதர் நெருக்கமாக வாழும் இடம்தான் அதற்கு வேண்டும். பூந்தொட்டியின் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் தேங்கும் தண்ணீர், கட்டுமான இடத்தில் கிடக்கும் வாளி, இவை போதும். கடிப்பதும் பகலில்தான், அதுவும் காலையிலும் மாலை மங்கும் முன்பும் அதிகம். நீங்கள் அரைக்கால் சட்டையோடு படம் எடுக்க அலையும் நேரம் அது. இரவில் வலை கட்டித் தூங்குவதை மட்டும் நம்பிப் பயனில்லை.

ஏழை நாடுகளில்தான் வரும் என்று அடுத்த வாதம் வைக்கிறார்கள். சிங்கப்பூரை விடச் சுத்தமான நகரம் உங்கள் மனதில் எது? அங்கே 2020இல் மட்டும் 35,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. டோக்கியோவின் நடுவே இருக்கும் யோயோகி பூங்காவை மையமாக வைத்து 2014இல் டெங்கு பரவியது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாக ஜப்பானுக்குள்ளேயே தொற்றியதில்லை என்றிருந்த நோய் அது. பூங்காவில் நடந்தவர்கள், உட்கார்ந்தவர்கள், நடனப் பயிற்சி செய்தவர்கள் என்று சாதாரண நகரவாசிகள்தான் படுத்தார்கள். உயரக் கட்டடமும் மெட்ரோ ரயிலும் கொசுவைத் தடுக்காது. பூச்சி விரட்டி களிம்பு தடுக்கும். முழுக்கைச் சட்டை தடுக்கும். இரண்டையும் பெட்டியில் வையுங்கள்.

வெறிநோயும் அப்படித்தான். தெருநாய் நகரத்தில்தான் அதிகம், உணவு அங்கேதானே கிடைக்கிறது. காட்மாண்டு சுயம்புநாத் படிக்கட்டில் இருக்கும் குரங்கும் நகரத்துக் குரங்குதான். அதற்காக எல்லாருக்கும் ஊசி போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜப்பானிலும் சிங்கப்பூரிலும் நாய்களிடம் வெறிநோய் இல்லை. அங்கே போகிறவருக்கு நான் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. இந்தோனேசியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், நேபாளம் என்றால் பேசுவேன். நாட்டுக்கு நாடு வேறு என்பதால்தான் நேரில் வாருங்கள் என்கிறேன்.

முன்கூட்டியே போடும் வெறிநோய் ஊசி இரண்டே தவணை, ஒரு வார இடைவெளி. அதைப் போட்டுக்கொண்டு போனவரை நாய் கடித்தால் மேலும் இரண்டு ஊசியோடு வேலை முடிகிறது. இம்யூனோகுளோபுலின் வேண்டாம். தனியாகப் போகிறவருக்கு இதுதான் பெரிய நிம்மதி. ஏனென்றால் தடுப்பூசி பல ஊர்களில் கிடைத்துவிடும், இம்யூனோகுளோபுலின் கிடைக்காது. மொழி தெரியாத ஊரில் காயத்தோடு மூன்று மருத்துவமனை ஏறி இறங்குவது தனி ஆளுக்கு எளிதல்ல.

கடித்துவிட்டாலோ கீறிவிட்டாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், உங்கள் மனக்கணக்கில் பதினைந்து நிமிடம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். டிஷ்யூ போதாது. அன்றைக்கே முதல் ஊசி. "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். அறிகுறி வந்த பிறகு வெறிநோயிலிருந்து யாரையும் காப்பாற்ற என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் விட்டால் நட்டமில்லை.

அடுத்து மாத்திரைப் பெட்டி. "டாக்டர் சீட்டு இருக்கே, யார் என்ன கேட்கப் போறாங்க?" என்பார்கள். சீட்டு உங்கள் நாட்டுச் சட்டத்தின்படி எழுதியது. இறங்கும் நாட்டுச் சட்டம் வேறு. கவனக்குறைவு நோய்க்கு (ஏடிஎச்டி) சில நாடுகளில் கொடுக்கும் ஆம்ஃபெட்டமின் மாத்திரையை ஜப்பானுக்குள் எந்தச் சீட்டோடும் கொண்டு போக முடியாது. மூக்கடைப்புக்கு நாம் சாதாரணமாகப் போடும் சூடோஎஃபெட்ரின், மாத்திரையில் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அங்கே முன் அனுமதி இல்லாமல் கொண்டு போக முடியாது. கோடீன் 1 சதவீதத்தைத் தாண்டினால் போதைப்பொருள் கணக்கில் போய்விடும், முன் அனுமதி வேண்டும். தினமும் சாப்பிடும் மற்ற மருந்துகள் ஒரு மாத அளவுக்குள் இருந்தால் சிக்கலில்லை, அதற்கு மேல் என்றால் கிளம்பும் முன்பே இணையத்தில் விண்ணப்பித்துச் சான்று வாங்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு டிரமடால் வலிமாத்திரை கொண்டு போவதற்கும் முன் அனுமதி தேவை. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை சாப்பிடுபவர்கள் எந்த நாடானாலும் அந்த நாட்டுத் தூதரகத்தின் அல்லது சுகாதாரத் துறையின் இணையப் பக்கத்தைப் பார்க்காமல் பெட்டி கட்டாதீர்கள்.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரே டப்பாவில் கொட்டி எடுத்துப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. வெள்ளை மாத்திரை பத்தை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியிடம் என்ன விளக்குவீர்கள்? அட்டையோடு வையுங்கள். கூடவே மருத்துவரின் கடிதமும் இருக்கட்டும், அதில் வணிகப் பெயர் வேண்டாம், மூலப்பொருளின் பெயரை எழுதச் சொல்லிக் கேளுங்கள், நாங்கள் எழுதித் தருவோம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பாராசிட்டமால் என்று நாம் சொல்வது ஜப்பானில் அசிட்டமினோஃபென். ஒரே மருந்துதான், பெயர்தான் வேறு.

இன்சுலினைக் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும். விமானத்தின் சரக்கு அறையில் அது உறைந்துபோகலாம், பெட்டியும் வந்து சேராமல் போகலாம்.

இன்சுலின் என்றதும் ஓர் அம்மா நினைவுக்கு வருகிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர், பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்லியும் சியோலுக்குத் தனியாகப் போய் வந்தார். எனக்கு அதில் மகிழ்ச்சிதான், நான்தான் தைரியம் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் அரண்மனை, சந்தை, மலையடிவாரம் என்று இருபதாயிரம் காலடிகளுக்கு மேல் நடந்திருக்கிறார். வீட்டில் அவர் நடப்பது அதில் கால்வாசிகூட இல்லை. இரவு வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டுக்கொண்டு, களைப்பில் சரியாகச் சாப்பிடாமல், கதவில் 'தொந்தரவு செய்யாதீர்' அட்டையை மாட்டிவிட்டுப் படுத்துவிட்டார். இரவில் சர்க்கரை இறங்கிவிட்டது. மறுநாள் மதியம் அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண், அட்டை தொங்கியும் ஏதோ தோன்றிக் கதவைத் தட்டியிருக்கிறார். பதில் வராததும் வரவேற்பறைக்குச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் தட்டாமல் போயிருந்தால் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பிழை என் பக்கமும் உண்டு. உணவைப் பற்றிப் பேசினேன், நடையைப் பற்றிப் பேச மறந்தேன். இப்போது சர்க்கரை நோயாளி யார் வந்தாலும் முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கப் போகிறீர்கள் என்பதுதான்.

தனியாகப் போவதில் உள்ள உண்மையான ஆபத்து திருடனோ மோசடிக்காரனோ அல்ல என்பது என் அனுபவம். நீங்கள் பேச முடியாத நிலையில் உங்களுக்காகப் பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். அதற்கு ஏற்பாடு செய்துகொண்டால் தாராளமாகப் போகலாம். வீட்டில் ஒருவரோடு தினம் ஒரே நேரத்தில் ஒரு செய்தி என்று பேசி வையுங்கள். இரண்டு மணிநேரம் தாண்டியும் வராவிட்டால் அவர் விடுதிக்குப் போன் செய்ய வேண்டும், எண் அவரிடம் இருக்க வேண்டும். உங்கள் நோய், மருந்து, ஒவ்வாமை மூன்றையும் அந்த நாட்டு மொழியில் ஒரு சின்ன அட்டையில் அச்சிட்டுப் பணப்பையில் வையுங்கள். செல்பேசியில் மட்டும் வைக்காதீர்கள், அது பூட்டியிருக்கும் அல்லது சார்ஜ் இருக்காது. ஆம்புலன்ஸ் எண்ணும் அதே அட்டையில் இருக்கட்டும். ஜப்பான், தென் கொரியா, தைவான் மூன்றிலும் 119. தாய்லாந்தில் 1669, வியட்நாமில் 115, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999.

போகும் மாதத்தையும் யோசியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை தாய்லாந்தின் சியாங் மாய் பக்கம் போக வேண்டாம், வயல்களையும் காடுகளையும் எரிக்கும் புகையில் ஊரே மூடிக் கிடக்கும். டிக்கெட் மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னும் இரண்டு விஷயம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். திறந்த பாட்டிலிலிருந்து இலவசமாக ஊற்றித் தரும் மதுவைத் தொடாதீர்கள். லாவோஸின் வாங் வியெங்கில் 2024 நவம்பரில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். மறுநாள் பார்வை மங்கினால் அது வெறும் தலைவலி அல்ல, உடனே மருத்துவமனை.

அப்புறம் வாடகை ஸ்கூட்டர். எலும்பு முறிந்து வந்தவர்கள் எல்லாரிடமும் காப்பீடு இருந்தது, பலருக்கு அது பணம் தரவில்லை. உங்கள் உரிமத்தில் இரு சக்கர வாகனம் இல்லையென்றால் காப்பீடு செல்லாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அதில் 1949 சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி தருவது, 1968 ஒப்பந்தப்படி தருவது என்று இரண்டு வகை. ஜப்பான் முதலாவதை மட்டும் ஏற்கும், வியட்நாம் இரண்டாவதை மட்டும். காப்பீட்டு ஆவணத்தில் விலக்குகள் என்ற பகுதியை முதலில் படியுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

என்னிடம் வருவதென்றால் கிளம்புவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் முன்பே வாருங்கள். முந்தின நாள் மாலை வந்து "ஏதாவது ஊசி போட்டுவிடுங்க" என்றால், மறுநாளைக்குள் அது வேலை செய்யாது. நானும் ஓஆர்எஸ் பொட்டலமும் அறிவுரையும்தான் கொடுத்து அனுப்ப முடியும்.

திரும்பி வந்த பிறகும் இரண்டு வாரம் உடம்பைக் கவனியுங்கள். டெங்கு, கொசு கடித்த நான்காவது நாளிலிருந்து பத்தாவது நாளுக்குள் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஒரு வாரப் பயணம் என்றால் அது பெரும்பாலும் உங்கள் வீட்டுக் கட்டிலில்தான். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போடுங்கள், இபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் வேண்டாம். காய்ச்சல் விட்ட நாளில் வயிற்றுவலியோ தொடர் வாந்தியோ ஈறில் ரத்தமோ வந்தால் படுத்திருக்காதீர்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் எந்த ஊரிலிருந்து எந்தத் தேதியில் வந்தீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் நாங்கள் கேட்க மறந்துவிடுகிறோம்.