பாட்டுச் சத்தத்தில் அமுங்கிப்போன சொல்

"மூணு தடவை சொன்னேன் மேடம். அவருக்குக் கேட்கவே இல்லை."

அந்தப் பெண் கோபமாகச் சொல்லவில்லை. வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்தில் கணவர் குனிந்த தலை நிமிரவில்லை. இருவரும் மனம்விட்டுப் பேசி, சம்மதித்து, கட்டிவைத்து விளையாடும் பழக்கம் உள்ளவர்கள். நிறுத்த வேண்டுமென்றால் 'எலுமிச்சை' என்று சொல்வதாகப் பேசிவைத்திருந்தார்கள், அதுதான் அவர்களுடைய பாதுகாப்புச் சொல். அன்று கை மரத்துப்போனதும் அவர் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார். கட்டிலின் தலைமாட்டில் இருந்த புளூடூத் ஸ்பீக்கர் அதை விழுங்கிவிட்டது.

ஏன் அவ்வளவு சத்தம்? சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் படுத்திருந்தார்.

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் தம்பதிகளுக்குப் பாலியல் ஆலோசனை சொல்லும் என் வேலையில் இதே கதை வேறு வேறு வீடுகளிலிருந்து வருகிறது. நம் வீடுகளில் தனியறை கிடைப்பதே பெரிய விஷயம். அடுத்த அறைக்கு எதுவும் கேட்கக் கூடாது என்று பாட்டைக் கூட்டி வைக்கிறோம். வெளியே போகாத சத்தம் பக்கத்தில் இருப்பவர் காதிலும் விழுவதில்லை.

கட்டுவது, அடிப்பது, ஒருவர் ஆள மற்றவர் அடங்குவது போன்ற பாலியல் விளையாட்டுகளைச் சேர்த்து பிடிஎஸ்எம் என்பார்கள். அந்தப் பேச்சை எடுத்ததும் "இது வியாதியா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப்பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வயதுவந்தவர்கள் மனமொத்துச் செய்வதை அது நோயாகச் சொல்லவில்லை. இங்கே எல்லாமே சம்மதத்தில் நிற்கிறது. சம்மதம் என்பது தொடங்கும் முன் ஒருமுறை வாங்கிவைத்துக்கொள்வதல்ல, நடுவில் எந்த நொடியிலும் திரும்பப் பெறக்கூடியது. அப்படித் திரும்பப் பெறும் குரல் கேட்க வேண்டும். அதனால் இசை எவ்வளவு வேண்டுமானாலும் அழகாக இருக்கலாம், பாதுகாப்புச் சொல்லைவிட உரத்து மட்டும் இருக்கக் கூடாது.

சோதித்துப் பார்ப்பது எளிது. பாட்டை ஓடவிட்டு, படுத்திருப்பவர் முகத்தைத் தலையணையில் பாதி புதைத்துக்கொண்டு, களைத்த குரலில் அந்தச் சொல்லைச் சொல்லட்டும். மற்றவர் அறையின் மறுகோடியில் நிற்கட்டும். கேட்கவில்லையா, சத்தத்தைக் குறையுங்கள். ஸ்பீக்கரைத் தலைமாட்டிலிருந்து எடுத்துக் கதவோரம் வையுங்கள். அடுத்த அறைக்குப் போகும் சத்தத்தை அங்கிருந்தே அது மறைக்கும், கட்டிலில் பேசுவதும் தெளிவாகக் கேட்கும். அந்தத் தம்பதி செய்த முதல் மாற்றம் இதுதான்.

வாயை மூடியிருந்தாலோ காதில் ஹெட்ஃபோன் இருந்தாலோ சொல் மட்டும் போதாது. கையில் சாவிக்கொத்தைக் கொடுத்து, "வேண்டாம் என்றால் கீழே போடு" என்று வைத்துக்கொள்பவர்கள் உண்டு. தரையில் விழுந்தால் சரி. மெத்தையில் விழுந்தால் சத்தமே வராது, பாட்டு வேறு ஓடிக்கொண்டிருக்கும். பளிச்சென்ற நிறத்தில் ஒரு துணியைக் கையில் கொடுங்கள், அது விழுவது கண்ணுக்குத் தெரியும். இடையிடையே உள்ளங்கையை இரண்டு முறை அழுத்துங்கள். பதிலுக்கு அவரும் இரண்டு முறை அழுத்தினால் தொடரலாம். பதில் வராவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு விசாரியுங்கள்.

இனி இசையைப் பற்றி. உடம்பு தாளத்தோடு ஓடும். 2006-இல் இத்தாலியின் பாவியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'ஹார்ட்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. காலப்பிரமாணம் வேகமாக இருந்தபோது மூச்சும் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறின. நடுவில் இரண்டு நிமிடம் இசையை நிறுத்தியபோது, கேட்கத் தொடங்குமுன் இருந்ததைவிடவும் அவை தணிந்தன. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. மௌனத்தையும் ஒரு வாத்தியம்போலப் பயன்படுத்தலாம் என்று தம்பதிகளிடம் சொல்வதற்கு இதுவே காரணம்.

சவுக்க காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், தொடங்குங்கள். தம்புரா ஸ்ருதியோ ஒற்றைப் புல்லாங்குழலோ போதும். வேகம் பிறகு தானே வரும். ஆனால் தாளம் ஏறும்போது அடிக்கிற கையும் தன்னையறியாமல் வேகமெடுக்கும், அழுத்தம் கூடும். எதிரே இருப்பவரின் மூச்சைக் கவனிக்க வேண்டியவர் மிருதங்கத்தைக் கவனிக்க ஆரம்பித்துவிடுவார். எப்போது நிதானிப்பது என்பதை அவருடைய முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள், பாட்டை நம்பி அல்ல. வரிகள் உள்ள பாட்டு மனதை எங்கெங்கோ இழுக்கும். சிறுவயது நினைவோ பழைய காயமோ ஒட்டியிருக்கும் பாட்டை இருவரும் முன்கூட்டியே சொல்லி விலக்கிவிடுங்கள்.

பாட்டைக் கடிகாரமாகவும் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பாட்டும் முடியும்போது கட்டப்பட்டவர் விரல்களை விரித்து மடக்கிக் காட்டட்டும். மேல்கையின் வெளிப்புறமாக ஓடும் ரேடியல் நரம்பு அழுந்தினால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிவிடும். மதமதப்பு, குத்தல், குளிர்ச்சி எது தெரிந்தாலும் உடனே அவிழ்க்க வேண்டும். முனை மழுங்கிய கத்தரிக்கோல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அவிழ்த்த பிறகும் விரல் அசைய மறுத்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் போங்கள். கழுத்தில் கயிறு எந்த இசையோடும் வேண்டாம்.

போனை ஃபிளைட் மோடில் போட்டு, பாடல்களை முன்பே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். கண்கட்டோடு ஆழ்ந்திருக்கும் ஒருவர் காதில் திடீரென விளம்பரக் குரலோ அப்பாவின் அழைப்போ விழுந்தால் உடம்பு தூக்கிவாரிப் போடும். அந்த நடுக்கம் தணிய நேரமெடுக்கும்.

முடிந்ததும் பட்டென்று எழுந்து போய்விடாதீர்கள். போர்வை, தண்ணீர், பக்கத்தில் ஓர் உடம்பின் சூடு, இவற்றைத்தான் ஆஃப்டர்கேர் என்கிறோம். சிலருக்கு அப்போது அழுகை வரும். சிலருக்கு மறுநாளோ அதற்கு மறுநாளோ மனம் சோர்ந்துபோகும், அன்றைக்கும் ஒருமுறை விசாரியுங்கள். பாட்டைச் சிறிது சிறிதாகக் குறைத்து அணையுங்கள்.

அந்தப் பெண்ணின் கை சில வாரங்களில் சரியானது. கடைசி சந்திப்பில் நான் கேட்காமலே அவர் சொன்னார்: "இப்பல்லாம் பாட்டு நின்னதும் அவர் 'எலுமிச்சையா?'ன்னு கேக்கறார் மேடம். நான் இல்லைன்னு சொன்ன பிறகுதான் அடுத்த பாட்டு."