ஃபேனைக் கழற்றிக் காட்டிய அப்பா

சில வருடங்களுக்கு முன் ஒரு அப்பா மருத்துவரான என்னைப் பார்க்க வந்தார். மகனுக்கு 22 வயது. தன் அறையின் சீலிங் ஃபேனுக்குள் கேமரா இருக்கிறது, யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று மகன் நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒரு நாள் இவர் ஏணி போட்டு அந்த ஃபேனைக் கழற்றி, ஒவ்வொரு திருகாகப் பிரித்து, தரையில் பரப்பிக் காட்டியிருக்கிறார். "பாருப்பா, எங்க இருக்கு கேமரா?" மகன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நேத்தே எடுத்துட்டீங்க. அப்போ நீங்களும் அவங்க ஆள்தானா?" என்று கேட்டிருக்கிறான். அதன் பிறகு அப்பாவோடு பேச்சே இல்லை.

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் ஃபேனுக்குப் பதில் செல்போன், பக்கத்து வீட்டுக்காரர், தண்ணீர் பாட்டில் என்று இதே கதையை வேறு வேறு குடும்பங்கள் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எல்லோரும் அன்பினால்தான் செய்கிறார்கள், எல்லோருக்கும் அது தோற்றுத்தான் போகிறது. ஏன் தோற்கிறது என்பது புரிந்துவிட்டால் வீட்டில் பாதிச் சண்டை குறையும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மகனுக்கு இருந்தது மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிட்சோஃப்ரீனியா. உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்வயதின் முடிவிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ, பெண்களுக்குச் சற்றுத் தாமதமாகவும் தொடங்குகிறது. ஒரே ஆள் இரண்டு ஆட்களாக மாறுவது இல்லை இது. 1908-ல் யூஜென் ப்ளூலர் என்ற ஸ்விஸ் மருத்துவர் வைத்த பெயருக்கு 'பிளவுபட்ட மனம்' என்று பொருள் வருவதால் அந்தக் குழப்பம் ஒட்டிக்கொண்டது. ஜப்பானில் இப்படிப்பட்ட பெயரே நோயாளிகளை நோகடிக்கிறது என்று 2002-ல் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

சரி, வாதம் ஏன் எடுபடுவதில்லை? கண்ணிலும் காதிலும் வந்து விழும் ஆயிரம் விஷயங்களில் எது நமக்கானது, எது சும்மா கடந்து போவது என்று மூளை ஓயாமல் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறது. டோபமைன் என்ற வேதிப்பொருளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. இந்த நோயில் அந்தத் தரம்பிரிப்பு கெட்டுப்போகிறது. எதிரே வருகிறவர் இருமினால் உங்களுக்கு அது வெறும் இருமல், அவருக்கோ தன்னைப் பற்றி யாருக்கோ கொடுக்கப்படும் சைகை. அவர் யோசித்து வந்த முடிவு இல்லை அது, உடம்பெல்லாம் உணர்கிற உண்மை. அதை ஆதாரம் காட்டிக் கழற்ற முடியாது, நீங்கள் காட்டும் ஆதாரமே சதியின் ஒரு பகுதியாகிவிடும். கூடவே, தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் போவதும் பலருக்கு இந்த நோயின் ஒரு பகுதி. வீட்டில் உள்ளவர்கள் அதைப் பிடிவாதம் என்று நினைத்துக் குரலை உயர்த்துகிறார்கள்.

அதற்காக "ஆமா, கேமரா இருக்கு" என்று ஒத்துப் பாடவும் வேண்டாம். நம்பிக்கையை விட்டுவிட்டு, அதன் அடியில் இருக்கும் பயத்தோடு பேசுங்கள். யாரும் பேசாதபோதும் குரல் கேட்கிறது என்று அவர் சொன்னால், "எனக்கு அந்தக் குரல் கேக்கல. ஆனா உனக்குக் கேக்குதுன்னு தெரியுது. ரொம்பப் பயமா இருக்கா? நான் இங்க உக்காந்திருக்கட்டுமா?" இவ்வளவு போதும். அந்த அப்பாவுக்கு இப்படிப் பேசப் பழக மூன்று மாதம் ஆனது. ஃபேன் பேச்சையே எடுக்காமல் தினமும் சாயங்காலம் மகனின் அறைக் கதவருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மருத்துவரைப் பார்க்க மகன் சம்மதித்தது கேமராவுக்காக இல்லை, "தூக்கமே வரல" என்பதற்காக. நோய் என்று ஒத்துக்கொள்ளாதவர்கூடத் தூக்கமின்மைக்கு உதவி கேட்பார், அந்த வாசலைப் பயன்படுத்துங்கள்.

குரல் கேட்பதும் சந்தேகமும்தான் வெளியே பெரிதாகத் தெரிகின்றன. என்னைக் கேட்டால், குடும்பங்களை அதைவிடத் தேய்த்துவிடுவது சத்தமில்லாத பக்கம்தான். குளிக்கமாட்டார், மதியம்வரை படுத்திருப்பார், கேட்டால் ஒரு வார்த்தையில் பதில், முகத்தில் சிரிப்போ கோபமோ தெரியாது, முன்பு உயிராக இருந்த எதிலும் ஆசை இல்லை. "குரலெல்லாம் நின்னுடுச்சு டாக்டர், இப்போ வெறும் சோம்பேறித்தனம்தான்" என்று எத்தனையோ அம்மாக்கள் சொல்லியிருக்கிறார்கள். சோம்பேறித்தனம் இல்லை அம்மா. ஒரு செயலைத் தொடங்குவதற்கான உந்துதலே நோயால் வற்றிப்போயிருக்கிறது, மாத்திரைகள் இந்தப் பக்கத்துக்குக் குறைவாகவே உதவுகின்றன. இங்கே திட்டுவது வேலை செய்யாது, சின்னச் சின்ன வேலைகள்தான் செய்யும். "போய்க் குளி" என்பதைவிட "துண்டு எடுத்து வச்சிட்டேன், வா" என்பது எளிது. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. செய்தால் பாராட்டிச் சொல்லுங்கள், செய்யாவிட்டால் விட்டுவிட்டு நாளைக்குப் பாருங்கள்.

வீட்டின் தொனி இவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்வேன். 1950-களில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் லண்டன் மனநல மருத்துவமனைகளிலிருந்து வெளியே வந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்கள், வாடகை விடுதிகளுக்குப் போனவர்களைவிட மோசமாக இருந்தார்கள்! அப்புறம் தோண்டிப் பார்த்ததில், ஓயாமல் குறை சொல்வது, வெறுப்பு, மூச்சுவிட இடம் தராத அளவுக்குக் கூடவே இருந்து பொத்திப் பொத்திக் காப்பது ஆகியவை உள்ள வீடுகளில் நோய் திரும்புவது அதிகம் என்று தெரிந்தது. இதைப் படித்துவிட்டு, "அப்போ எங்களாலதான் வந்ததா?" என்று கலங்க வேண்டாம். வளர்ப்பு இந்த நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் குடும்பத்தார் பேசும் விதத்தைப் பயிற்சியால் மாற்றும்போது நோய் திரும்புவது குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் கையில் ஒரு மருந்து இருக்கிறது என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

மாத்திரை விஷயத்தில் ஒரு பொறியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மருந்தை நிறுத்திய முதல் சில வாரங்கள் ஆள் நன்றாகவே தெரிவார், மந்தம் விலகி முகம் தெளியும், "நிறுத்தினதுதான் நல்லது" என்று வீடே நம்பிவிடும். நோய் திரும்புவது சில மாதம் கழித்து. அதற்குள் இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. நிறுத்துவதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும், அதைக் கேளுங்கள். எடை கூடியிருக்கலாம், தாம்பத்தியத்தில் சிக்கல் வந்திருக்கலாம், ஓரிடத்தில் உட்கார முடியாத உள்தவிப்பு இருக்கலாம். இந்தத் தவிப்பை நோய் முற்றிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு, மருத்துவரிடம் சொன்னால் மருந்தையோ அளவையோ மாற்றலாம். தினமும் விழுங்கப் பிடிக்காதவர்களுக்கு மாதக்கணக்கில் வேலை செய்யும் ஊசிகள் இருக்கின்றன. இரண்டு மருந்துகளை முறையாகக் கொடுத்தும் கேட்காதபோது குளோசபின் என்ற மருந்து இருக்கிறது, அதற்கு ரத்தப் பரிசோதனையை விடாமல் செய்ய வேண்டும். சிகரெட்டை நிறுத்தினால்கூட மருத்துவரிடம் சொல்லுங்கள், புகை நின்றதும் குளோசபினும், இதே நோய்க்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான ஒலான்சபினும் ரத்தத்தில் கூடிவிடும். சாப்பாட்டில் மாத்திரையைக் கலந்து கொடுப்பது மட்டும் வேண்டாம். 'எனக்கு விஷம் வைக்கிறாங்க' என்று பயப்படுகிறவர் அதைக் கண்டுபிடிக்கும் நாளில் உங்களை நம்ப அவருக்கு ஒரு காரணமும் மிச்சமிருக்காது.

அவர் தெளிவாக இருக்கும் நாளில் ஒன்றாக உட்கார்ந்து, போன தடவை முதலில் எது மாறியது என்று எழுதி வையுங்கள். பலருக்குத் தூக்கம்தான் முதலில் போகும். அதைப் பார்த்தால் யாருக்கு போன் செய்வது என்பதையும் அவரே சொல்லட்டும். குரல் எதையாவது செய்யச் சொல்லிக் கட்டளையிடுகிறதா, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

இன்னொன்று. என் அறைக்கு வெளியே பெரும்பாலும் ஒரு அக்காவோ தம்பியோ போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். "எனக்கும் வருமா?" என்ற கேள்வியை வருடக்கணக்கில் யாரிடமும் கேட்காமல் வைத்திருப்பார்கள். மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம்தான், ஆனால் உடன்பிறந்தவர்களில் 100-க்கு ஏறக்குறைய 90 பேருக்கு வருவதில்லை. அடுத்த முறை வரும்போது அவர்களையும் உள்ளே கூட்டி வாருங்கள்.