தங்கம் அரித்த வெண்கலக் குதிரை

ரோம் நகரின் கேப்பிடோலைன் குன்றில், மைக்கேலாஞ்சலோ வடிவமைத்த சதுக்கத்தின் நடுவே, பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் குதிரைமேல் வலக்கையை நீட்டியபடி அமர்ந்திருக்கிறார். அங்கே நிற்பது நகல். ஏறத்தாழ கி.பி. 175இல் வார்க்கப்பட்ட அசல் சிலை, பக்கத்திலுள்ள அருங்காட்சியகத்தில் கூரைக்கடியில் இருக்கிறது.

அது பிழைத்ததே பெரிய காரியம். ரோமானியப் பேரரசர்களின் வெண்கலச் சிலைகளில் பெரும்பாலானவற்றை இடைக்காலத்தில் உலோகத்துக்காக உருக்கிவிட்டார்கள். இவரைக் கிறிஸ்தவப் பேரரசர் கான்ஸ்டன்டைன் என்று தவறாக எண்ணியதால் விட்டுவைத்தார்கள். நெருப்புக்குத் தப்பிய சிலையைக் காற்றும் ஈரமும் விடவில்லை.

இதைப் புரிந்துகொள்ள, குதிரையின் தலையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மங்கிய பச்சைக்கு நடுவே தங்கம் திட்டுத்திட்டாக மின்னுகிறது. ஒரு காலத்தில் சிலை முழுவதும் தங்க ரேக்கு, அதாவது மிக மெல்லிய தங்கத் தகடு, ஒட்டியிருந்தது. தங்கம் துருப்பிடிக்காது, ஆகவே அது வெண்கலத்துக்குக் கவசம் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்தது நேர்மாறு.

ரேக்கில் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் கீறல்களும் உண்டு. அவற்றின் வழியே ஈரம் இறங்கினால் தங்கம், வெண்கலத்திலுள்ள செம்பு, இடையே உப்போ அமிலமோ கலந்த நீர் என்று மூன்றும் சேர்கின்றன. ஒரு மின்கலத்துக்கு இவ்வளவு போதும். செம்பு எலக்ட்ரான்களை எளிதில் இழக்கும், தங்கம் இழக்காது. செம்பு விடும் எலக்ட்ரான்கள் தங்கத்தின் பரப்புக்குப் போய், அங்கே நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனோடு சேர்கின்றன. தங்கம் அப்படியே இருக்க, அதற்கடியிலுள்ள செம்பு கரைந்துகொண்டே போகிறது. கரைந்த செம்பு களிம்பாக மாறும்போது பழைய உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். அதனால் அது ரேக்கை உள்ளிருந்தே தூக்கி உரித்துவிடுகிறது.

தங்கம் இல்லாத இடங்களில் களிம்பு ஓரளவு காவலாக இருந்தது. செம்பின்மேல் மெல்லப் படியும் அந்த அடுக்கு, காற்றைத் தடுத்து அரிப்பின் வேகத்தைக் குறைக்கும். ஆனால் 20ஆம் நூற்றாண்டில் வாகனப் புகையும், குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்க எரித்த எண்ணெயின் புகையும் ரோமின் காற்றில் கந்தக டை ஆக்சைடை நிறைத்தன. மழைநீர் அமிலமாயிற்று. காவலாக இருந்த அடுக்கே கரைந்து, பச்சைக் கோடுகளாக வழிந்தது. பல நூற்றாண்டுகள் தாங்கிய உலோகத்துக்குச் சில பத்தாண்டுப் புகையைத் தாங்க முடியவில்லை என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

1979இல் அந்தச் சதுக்கத்தில் குண்டு வெடித்தது. அதன்பின் நடந்த பரிசோதனையில் சிலையின் நிலை தெரியவந்தது. 1981இல் பழுதுபார்க்க இறக்கியவர்கள், மீண்டும் அதை வெட்டவெளியில் நிறுத்தவே இல்லை.

உள்ளே வைப்பதால் என்ன பயன்? தங்கத்தையும் செம்பையும் பிரிக்க முடியாது. நடுவிலுள்ள நீரை எடுத்துவிட முடியும். காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைத்தால் மின்சுற்று அறுந்து, அரிப்பு ஏறக்குறைய நின்றுவிடும்.

வெளியே 1997இல் நிறுவிய நகல் இன்றும் மழையில் நனைகிறது. அதற்குத் தங்கம் பூசவில்லை.