கார்பன் கணக்கு எங்கே உதைக்கிறது?

உமிழ்வு அறிக்கை எதைக் கையில் எடுத்தாலும் முதலில் அலகைப் பாருங்கள். எடை கார்பனிலா, கார்பன் டை ஆக்சைடிலா? ஒரு டன் கார்பன் முழுமையாக எரிந்தால் 3.664 டன் கார்பன் டை ஆக்சைடு. இதைக் கவனிக்காமல் இரண்டு அட்டவணைகளை ஒப்பிட்டுத் திகைப்பவர்கள் ஏராளம்.

உலகின் கார்பன் வரவு செலவை ஆண்டுதோறும் கணக்கிடும் ஆய்வாளர் கூட்டமைப்பான குளோபல் கார்பன் புராஜெக்ட் வெளியிட்ட 2014–2023 சராசரியை எடுத்துக்கொள்வோம், கார்பன் எடையில். புதைபடிவ எரிபொருள், சிமென்ட் ஆகியவற்றிலிருந்து ஆண்டுக்கு 970 கோடி டன். காடழிப்பு முதலான நிலப் பயன்பாட்டு மாற்றத்தில் 110 கோடி. ஆக வரவு 1,080 கோடி. வளிமண்டலத்தில் தங்கியது 520, கடல் உறிஞ்சியது 290, தாவரமும் மண்ணும் உறிஞ்சியது 320. கூட்டினால் 1,130. ஏறத்தாழ நாற்பது, ஐம்பது கோடி டன் உதைக்கிறது. முன்பெல்லாம் நிலத்தின் பங்கை மீதியாகவே கண்டுபிடித்ததால் கணக்கு எப்போதும் அழகாக நேரானது. 2017 முதல் நிலத்தையும் தனியாக மதிப்பிட்டு, உதைப்பதை உதைப்பதாகவே காட்டுகிறார்கள். அதுதான் நேர்மையான கணக்கு.

ஐந்து எண்களும் ஒரே தரத்தில் இல்லை. வளிமண்டல எண்தான் உறுதியானது; நேரடியாக அளப்பது. புதைபடிவத்தில் பிழை கூடக்குறைய 5 சதவீதம். நில உறிஞ்சலில் 320-க்கு 90. நிலப் பயன்பாட்டு மாற்றத்திலோ 110-க்கு 70!

புதைபடிவக் கணக்கின் சூத்திரம் எளிது: எரிபொருள் அளவு, கலோரி மதிப்பு (ஓர் அளவு எரிபொருள் தரும் வெப்பம்), உமிழ்வுக் காரணி (அந்த வெப்பத்துக்கு வெளியாகும் வாயு) மூன்றையும் பெருக்க வேண்டும். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2006 வழிகாட்டி தரும் பொதுக் காரணிகள், ஒரு கிகா ஜூலுக்கு: பிட்டுமினஸ் நிலக்கரி 94.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு, டீசல் 74.1, இயற்கை எரிவாயு 56.1. இவை நிகர கலோரி மதிப்புக்கானவை. நீராவியின் உள்ளுறை வெப்பத்தையும் சேர்த்த மொத்த மதிப்போடு பெருக்கினால் நிலக்கரியில் சுமார் 5, எரிவாயுவில் சுமார் 10 சதவீதம் கூடுதலாக வந்துவிடும். சாம்பல் மிகுந்த நிலக்கரிக்குப் பொதுக் காரணி பொருந்தாது: சீன நிலக்கரி மாதிரிகளைச் சோதித்த 2015 ஆய்வில் ஒரு டன் நிலக்கரிக்கான காரணி சராசரியாக 40 சதவீதம் குறைவாக இருந்தது. சிமென்டில் சுண்ணாம்புக்கல் சிதைவதால் வரும் வாயுவைக் கணக்கிட, சிமென்ட் டன்னை அல்ல, கிளிங்கர் (சூளையில் சுட்டெடுத்த, அரைப்பதற்கு முந்தைய கட்டி) டன்னை எடுக்க வேண்டும். சாம்பல் கலந்த சிமென்டை அப்படியே பெருக்கினால் எண் வீங்கும். பன்னாட்டு விமான, கப்பல் எரிபொருள் எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராது. நாடுகளின் எண்களை மட்டும் கூட்டினால் இது விடுபடும்.

கடல் உறிஞ்சலுக்குக் கப்பல்கள் மேற்பரப்பு நீரில் எடுக்கும் அளவீடுகள் முக்கிய அடிப்படை. தென்பெருங்கடலின் குளிர்காலத்தில் கப்பல்கள் அரிது. மிதவைக் கருவிகள் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன.

கடலையும் நிலத்தையும் பிரித்தறிய ஆக்சிஜன் உதவுவது இத்துறையின் மிக அழகான உத்தி. எரிப்பு ஆக்சிஜனைத் தின்கிறது. தாவரம் கார்பனை உண்ணும்போது ஆக்சிஜனைத் திருப்பித் தருகிறது. கடலில் கார்பன் டை ஆக்சைடு கரையும்போது ஆக்சிஜனுக்கு எதுவும் ஆவதில்லை. எரிப்பின்படி குறைந்திருக்க வேண்டிய ஆக்சிஜனைவிட எவ்வளவு குறைவாகக் குறைந்ததோ, அது நிலத்தின் வேலை. ஆனால் இரண்டு லட்சத்துச் சொச்சம் பிபிஎம்-இல் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) சில பிபிஎம் மாற்றத்தைப் பிடிக்க வேண்டும். கடல் சூடேறுவதால் வெளியேறும் ஆக்சிஜனுக்குத் தனித் திருத்தமும் செய்ய வேண்டும்.

செயற்கைக்கோள்கள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். 2014-இல் ஏவப்பட்ட நாசாவின் ஓசிஓ-2 செயற்கைக்கோள் காற்றுத்தூண் முழுவதன் சராசரியை அளக்கிறது, உமிழ்வை அல்ல. மேகத்தை ஊடுருவாது; அமேசான், காங்கோ காடுகளில் மழைக்காலத் தரவு மிகக் குறைவு. நமக்கு அதிகம் தெரியவேண்டிய இடமும் அதுதான்.

கொள்கை வகுப்போர் அதிகம் தடுமாறுவது 'மேலாண்மைக்கு உட்பட்ட நிலம்' என்ற வரையறையில். காற்றில் கார்பன் கூடியதால் மரங்கள் வேகமாக வளர்ந்தால், அந்த உறிஞ்சலை அறிவியலாளர்களின் கணினி மாதிரிகள் இயற்கையின் கணக்கில் எழுதுகின்றன. நாடுகளோ, காடு தங்கள் மேலாண்மையில் இருந்தால் தங்கள் கணக்கிலேயே வரவு வைக்கின்றன. இரண்டும் அனுமதிக்கப்பட்ட முறைகளே. ஆனால் மிச்சமிருக்கும் கார்பன் ஒதுக்கீடு, அதாவது வெப்ப வரம்பைத் தாண்டாமல் இன்னும் உமிழக்கூடிய அளவு, மாதிரிகளின் முறையில் கணக்கிடப்பட்டது. அதை நாடுகளின் எண்களோடு நேரடியாக ஒப்பிட்டால், உமிழ்வும் உறிஞ்சலும் சமமாகும் நிகர பூஜ்யம் காகிதத்தில் முன்கூட்டியே வந்து நிற்கும். ஆகவே நிகர எண் ஒன்றை மட்டும் தரும் அறிக்கையிடம் கழிப்பதற்கு முந்தைய உமிழ்வு, உறிஞ்சல் ஆகிய இரு எண்களையும் கேட்டு வாங்குங்கள்.

ஓராண்டின் காற்றளவை வைத்துக் கொள்கைக்கு மதிப்பெண் போடவும் முடியாது. 2020-இல் புதைபடிவ உமிழ்வு 5 சதவீதத்துக்கு மேல் சரிந்தும் ஹவாயின் மௌனா லோவா ஆய்வகம் அளக்கும் கார்பன் டை ஆக்சைடு வளைகோட்டில் பள்ளம் தெரியவில்லை. 2024-இல் உமிழ்வு சிறிதளவே கூடியும் காற்றில் 3.5 பிபிஎம் ஏறியது. 1957-இல் அளவீடு தொடங்கியதிலிருந்து இதுவே அதிகம். ஒரு பிபிஎம் என்பது 212 கோடி டன் கார்பன். எல் நினோவும் (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது) வறட்சியும் காட்டுத்தீயும் நில உறிஞ்சலை ஓராண்டில் அந்த அளவுக்கு ஆட்டிவிடும்.

ஒவ்வோர் ஆண்டும் பழைய ஆண்டுகளின் எண்களும் சேர்த்தே திருத்தப்படுகின்றன. சென்ற ஆண்டுப் பதிப்பின் வரிசையோடு இந்த ஆண்டின் புதிய எண்ணை ஒட்டினால், முறை மாறியதெல்லாம் உமிழ்வு மாறியதுபோலத் தெரியும். வரிசை முழுவதையும் ஒரே பதிப்பிலிருந்து எடுங்கள்.