பிரிட்டனில் மனநலச் செவிலியராகப் பதிவு பெறுவது எப்படி?

வெளிநாட்டில் செவிலியர் படிப்பை முடித்தவர்கள் பிரிட்டனில் செவிலியராகப் பணியாற்ற வேண்டுமானால், அங்குள்ள செவிலியர் மற்றும் மகப்பேற்றுச் செவிலியர் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்க வேண்டும். சுருக்கமாக என்.எம்.சி. எனப்படும் இந்த அமைப்பு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்குக்கும் பொதுவானது. இந்தியாவில் இதே மூன்றெழுத்தில் வழங்கும் தேசிய மருத்துவ ஆணையத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதன் பதிவேட்டில் செவிலியர்கள் பெரியோர், குழந்தைகள், கற்றல் குறைபாடு, மனநலம் என நான்கு துறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். விண்ணப்பிக்கும்போதே துறையைக் குறிப்பிட வேண்டும் என்பதும், எழுதும் தகுதித் தேர்வின் இரு பகுதிகளும் அந்தத் துறைக்கு உரியவையாகவே இருக்கும் என்பதும் நம் ஊரிலிருந்து செல்பவர்களுக்குப் புதிதாக இருக்கும். தமிழ்நாட்டில் மூன்றாண்டு ஜி.என்.எம். படித்தாலும் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படித்தாலும் மருத்துவம், அறுவை, குழந்தைகள், மகப்பேறு, மனநலம் எல்லாவற்றையும் ஒரே படிப்பில் முடித்துவிட்டு, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் துறை பிரிக்காத பொதுப் பதிவைப் பெறுவதுதான் நமக்குப் பழக்கம்.

துறை என்பது வெறும் பெயர்ப்பலகை அன்று என்பதற்குச் சட்டத்திலேயே சான்று இருக்கிறது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும் 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 5(4)ஆம் பிரிவின்படி, தாமாக முன்வந்து மனநல வார்டில் சேர்ந்திருக்கும் ஒரு நோயாளி வெளியேற முயலும்போது, அவர் போவது அவருக்கோ பிறருக்கோ ஆபத்தாக முடியும் என்று கருதினால், உரிய மருத்துவர் உடனே வர இயலாத நிலையில், செவிலியரே அவரை 6 மணி நேரம் வரை தடுத்து வைக்கலாம். இந்த அதிகாரம் மனநலத் துறையிலோ கற்றல் குறைபாட்டுத் துறையிலோ பதிவு பெற்றவர்களுக்கு மட்டுமே உண்டு. பெரியோர் துறையில் பதிவு பெற்றவர் அதே வார்டில் எத்தனை ஆண்டு வேலை பார்த்திருந்தாலும் இதைப் பயன்படுத்த முடியாது. தடுத்து வைக்கும்படி அந்தச் செவிலியருக்கு வேறு எவரும் கட்டளையிடவும் முடியாது. அது அவருடைய சொந்தத் தொழில்முறை முடிவு. அதற்கான படிவத்தில் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு அதற்குப் பொறுப்பேற்பவரும் அவரே. இரவுப் பணியில் வார்டுக்கு ஒரு மனநலச் செவிலியராவது இருக்க வேண்டும் என்று அங்குள்ள நிர்வாகங்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊரில் பொதுச் செவிலியர் படிப்பு மட்டும் படித்தவர்களும் மனநலத் துறையைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்கிறார்கள். காலியிடம் அதிகம் என்று முகவர் சொன்னதற்காகவே அப்படிச் செய்பவர்களும் உண்டு. அது நல்ல யோசனையாக எனக்குத் தோன்றவில்லை. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் மாணவியாகச் சில வாரங்கள் பயிற்சி பெற்றதோடு மனநலத்தோடு தொடர்பு முடிந்துவிட்டது என்றால், தேர்விலும் தடுமாற்றம் வரும், வேலையிலும் வரும். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களில் மனநலச் செவிலியர் பட்டயம் பெற்றவர்களுக்கும், எம்.எஸ்சி.யில் மனநலத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்களுக்கும், மனநல மருத்துவமனையில் உண்மையாகவே பணியாற்றியவர்களுக்கும் இந்தத் துறை பொருந்தும். ஒரு துறையில் பதிவு பெற்ற பிறகு இன்னொரு துறையைச் சேர்த்துக்கொள்வது தனி நடைமுறை; அதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது சரியாக வராது.

விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. என்.எம்.சி.யின் இணையதளத்தில் கணக்கு தொடங்கி, படிப்பு, பதிவு, உடல்நலம், நன்னடத்தை பற்றிய விவரங்களைத் தர வேண்டும். காவல்துறையின் நன்னடத்தைச் சான்றும் வேண்டும். பதிவு பெற்ற நாட்டின் கவுன்சில், விண்ணப்பதாரரின் பதிவை நேரடியாக என்.எம்.சி.க்கு உறுதிசெய்து அனுப்ப வேண்டியிருப்பதால், பெரும்பாலோருக்குக் காலதாமதம் ஏற்படுவது இந்த இடத்தில்தான். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பவர்களும், திருமணத்துக்குப் பின் பாஸ்போர்ட்டில் ஒரு பெயரும் சான்றிதழில் ஒரு பெயரும் வைத்திருப்பவர்களும், முதலெழுத்தை ஓரிடத்தில் விரித்தும் இன்னோரிடத்தில் சுருக்கியும் எழுதியிருப்பவர்களும் பணம் கட்டுவதற்கு முன்பே அவற்றைச் சரிசெய்துகொள்வது நல்லது.

ஆங்கிலத் தகுதிக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக், ஓ.இ.டி. ஆகிய இரண்டு தேர்வுகள் ஏற்கப்படுகின்றன. முன்னதில் வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7 வேண்டும், எழுதுதலில் 6.5 போதும். ஓ.இ.டி.யில் முதல் மூன்றுக்கும் பி கிரேடும் எழுதுதலுக்கு சி பிளஸ் கிரேடும் வேண்டும். எழுதுதலுக்கான இந்தச் சலுகை ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் 2018 டிசம்பரில் வந்தது. அதற்கு முன் அதிலும் 7 கேட்டார்கள். அரை மதிப்பெண்ணில் தவறிப்போனவர்கள் அக்காலத்தில் ஏராளம். நம் கல்லூரிகளில் பாடம் ஆங்கிலத்தில்தானே நடந்தது, தேர்வு எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. ஆங்கிலத்தைப் பெரும்பான்மையோர் பேசும் நாட்டில் படித்தவர்களுக்குத்தான் அந்த விலக்கு. இந்தியாவும் இலங்கையும் அந்த வகையில் வருவதில்லை. 2023 பிப்ரவரியில் கொண்டுவரப்பட்ட மாற்றத்தின்படி, பிரிட்டனில் ஏற்கெனவே ஓராண்டு பதிவில்லாத பராமரிப்புப் பணியில் இருப்பவர், ஒரு பிரிவில் மட்டும் சிறிதளவு தவறியிருந்தாலோ ஆங்கிலவழியில் செவிலியர் படிப்பு முடித்திருந்தாலோ, பணியிடத்தின் பரிந்துரையைத் துணைச் சான்றாகத் தரலாம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு விண்ணப்பிப்பவருக்கு இது உதவாது.

தகுதித் தேர்வு இரு பகுதிகளைக் கொண்டது. முதலாவது சி.பி.டி. எனப்படும் கணினித் தேர்வு, பியர்சன் வி.யு.இ. என்ற தேர்வு நிறுவனத்தின் மையங்களில் நடப்பதால் இந்தியாவிலேயே எழுதிவிடலாம். 2021 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த வடிவத்தில் மருந்தளவுக் கணக்குகள் 15 ஒரு பகுதியாகவும், கொள்குறி வினாக்கள் 100 மற்றொரு பகுதியாகவும் வருகின்றன. கட்டணம் 83 பவுண்டு. இதில் குறுக்குவழி தேடுவதன் விளைவை நைஜீரியாவின் இபாதான் நகர நிகழ்வு காட்டியது: அங்கிருந்த ஒரு மையத்தில் பலர் நம்ப முடியாத வேகத்தில் தேர்வை முடித்திருந்தது 2023இல் வெளிப்பட்டபோது, அந்த மையத்தில் எழுதியவர்கள் மீண்டும் தேர்வெழுத நேர்ந்தது, அவர்களில் பலர் அதற்குள் பிரிட்டனில் செவிலியராகவே பணியாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது பகுதி ஆஸ்கி எனப்படும் செய்முறைத் தேர்வு. இதைப் பிரிட்டனுக்குச் சென்றுதான் எழுத முடியும். நார்தாம்ப்டன், ஆக்ஸ்போர்டு புரூக்ஸ், நார்தம்ப்ரியா, அல்ஸ்டர் பல்கலைக்கழகங்களிலும் லீட்ஸ் மருத்துவமனை நிர்வாகத்திலும் தேர்வு மையங்கள் உள்ளன. தேர்வு, நிலையங்கள் எனப்படும் 10 தனித்தனிச் சோதனைகளாக நடக்கும். அவற்றில் நான்கு ஒரே நோயாளியைச் சுற்றி அமைந்தவை: நிலையை மதிப்பிடுதல், பராமரிப்புத் திட்டம் எழுதுதல், அதைச் செயல்படுத்துதல், அடுத்துப் பொறுப்பேற்பவரிடம் ஒப்படைத்தல். இன்னொரு நான்கு நிலையங்களில் செய்முறைத் திறன்கள் சோதிக்கப்படுகின்றன. மீதி இரண்டில், தொழில் நெறி பற்றிய ஒரு சூழ்நிலைக்கும் ஆய்வுச் சான்றைப் பயன்படுத்துவது பற்றிய ஒரு வினாவுக்கும் எழுத்தில் பதில் தர வேண்டும்.

மனநலத் துறையில் தேர்வெழுதும் நம்மவர்களைத் தடுக்கிவிடுவது மருத்துவ அறிவு அன்று, பேச்சு. நம் புறநோயாளிப் பிரிவில் செவிலியர் கேட்கும் கேள்விக்குப் பெரும்பாலும் உடன் வந்த அம்மாவோ அண்ணனோ பதில் சொல்வார்; நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தேர்வு அறையில் உடன் வந்தவர் எவரும் இல்லை. நோயாளியாக நடிப்பவரிடம் தம் பெயரைச் சொல்லி, அவரை எப்படி அழைக்கலாம் என்று கேட்டு, பேசுவதற்கு அவருடைய சம்மதத்தைப் பெற்று, தூக்கம், பசி, மனநிலை என்று தொடங்கி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பதைச் சுற்றி வளைக்காமல், ஆனால் பதறாமல் கேட்க வேண்டும். "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று நாம் ஆறுதலாகச் சொல்லும் வாக்கியம் அங்கே உதவாது. அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டோம் என்பதும் அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். மாத்திரை தரும் நிலையத்தில் கைப்பட்டையையும் மருந்துச் சீட்டையும் ஒப்பிட்டு, ஒவ்வாமை உண்டா என்று கேட்டு, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும், ஏனென்றால் மனத்துக்குள் சரிபார்த்ததற்கு மதிப்பெண் கிடைக்காது. மனநலத் துறைதானே என்று உடல்நலத்தைக் கைவிடவும் முடியாது: மூச்சு, நாடி, இரத்த அழுத்தம், வெப்பநிலை, ஆக்சிஜன் அளவு, உணர்வுநிலை ஆகியவற்றைக் கணக்கிடும் நியூஸ்2 அட்டவணையை நிரப்பத் தெரிந்திருக்க வேண்டும். இவற்றோடு 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டத்தின் அடிப்படையையும் படித்துக்கொள்வது நல்லது. முடிவெடுக்கும் திறன் இல்லை என்று நிரூபிக்கப்படும்வரை ஒருவருக்கு அது உண்டென்றே கொள்ள வேண்டும் என்பதும், பிறருக்கு முட்டாள்தனமாகப் படும் முடிவை எடுத்தார் என்பதாலேயே அவர் திறனற்றவர் ஆகிவிடமாட்டார் என்பதும் அதன் முதன்மையான கருத்துகள்.

ஆஸ்கி கட்டணம் 794 பவுண்டு. ஏழு நிலையங்கள் வரை தவறினால் அவற்றை மட்டும் 397 பவுண்டில் மீண்டும் எழுதலாம். அதற்கு மேல் தவறினால் முழுத் தேர்வையும் முழுக் கட்டணத்தில் எழுத வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்புகளே உண்டு. மூன்றிலும் தவறினால் ஆறு மாதம் பொறுத்துப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டணங்கள் அவ்வப்போது திருத்தப்படுவதால், கட்டும் நாளில் என்.எம்.சி. தளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொதுவாக, பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் மருத்துவமனைகள் சி.பி.டி. முடித்தவரை வேலைக்கு எடுத்து, மருத்துவப் பணியாளர் விசாவில் வரவழைத்து, ஆஸ்கிக்குப் பயிற்சியும் தருகின்றன. பதிவு எண் கிடைக்கும்வரை அவர் செவிலியர் என்ற பெயரில் பணியாற்ற முடியாது. சம்பளமும் என்.எச்.எஸ். ஊதிய வரிசையின் மூன்றாம் அல்லது நான்காம் நிலையில்தான் இருக்கும், பதிவுக்குப் பிறகே ஐந்தாம் நிலை. விசா விதிப்படி வேலையில் சேர்ந்த 12 வாரங்களுக்குள் முதல் ஆஸ்கியை எழுதவும், 8 மாதங்களுக்குள் தேர்ச்சி பெறவும் வேண்டும். வேலை கிடைப்பதற்கு முன்பே பார்வையாளர் விசாவில் சென்று ஆஸ்கி எழுதவும் விதி இடம் தருகிறது. ஆனால் செலவு முழுவதும் சொந்தப் பணம். வெளிநாட்டுச் செவிலியர்களை எடுப்பதை என்.எச்.எஸ். அண்மை ஆண்டுகளில் வெகுவாகக் குறைத்துக்கொண்டிருப்பதால், வேலை உறுதியாகாமல் இந்த வழியில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரிட்டிஷ் அரசின் வெளிநாட்டு ஆள்சேர்ப்பு நெறிமுறைப்படி, வேலை வாங்கித் தருவதற்காக விண்ணப்பதாரரிடம் முகவர் கட்டணம் வாங்கக் கூடாது. நெறிமுறையை ஏற்ற முகவர்களின் பட்டியலை என்.எச்.எஸ். எம்ப்ளாயர்ஸ் அமைப்பு வெளியிடுகிறது. இடையில் வேலையை விட்டால் இவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கலாம். எந்தெந்தச் செலவுக்காக, எவ்வளவு தொகை, எத்தனை மாதம் பணியாற்றினால் எவ்வளவு குறையும் என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆஸ்கியில் மூன்று முறையும் தவறினால் அந்தத் தொகை என்னவாகும் என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.