பழைய வால்வுக்குள்ளேயே புதிய வால்வு

இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசல்தான் பெருந்தமனி வால்வு. நல்ல நிலையில் அது 3 முதல் 4 சதுர செ.மீ. வரை திறக்கும். இதழ்களில் சுண்ணாம்பு படிந்து, திறப்பு 1 சதுர செ.மீ.க்கும் கீழே போய்விட்டால் மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும், சிலர் நடக்கும்போதே மயங்கி விழுவார்கள். மார்பைத் திறந்து வால்வை மாற்றலாம். ஆனால் ஏற்கெனவே பைபாஸ் செய்துகொண்டவர், சிறுநீரகமும் நுரையீரலும் நலிந்தவர் அதைத் தாங்குவாரா?

2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில், அறுவை சிகிச்சைக்கு வழியே இல்லாத 57 வயதுக்காரர் ஒருவருக்கு இதய மருத்துவர் அலான் க்ரிபியே முதன்முறையாகக் கதீட்டர் (ரத்தக் குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) வழியே வால்வு பொருத்தினார். கால் தமனிகள் அடைபட்டிருந்ததால், தொடைச் சிரை வழியே நுழைந்து, இதயத்தின் இரு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரைத் துளைத்துக்கொண்டுதான் போக முடிந்தது. ஆக, இந்தச் சிகிச்சை தொடங்கியதே மிகச் சிக்கலான ஒரு நோயாளியிடம்தான்.

இன்று பெரும்பாலும் தொடைத் தமனி வழியேதான் போகிறார்கள். மாடு அல்லது பன்றியின் இதய உறையில் செய்த இதழ்களை உலோக வலைக்குள் தைத்து, பென்சில் பருமனுக்குச் சுருக்கிக் கொண்டுபோவார்கள். பலூனால் விரியும் வகை என்றால், விரிக்கும் சில விநாடிகளுக்கு இதயத்தை நிமிடத்துக்கு 180 தடவைக்கு மேல் துடிக்க வைப்பார்கள். அவ்வளவு வேகத்தில் ரத்தம் வெளியே பாயாது. வால்வும் இடம் நழுவாது. பலூன் உப்புகிறது, பழைய இதழ்கள் சுவரோடு ஒதுங்குகின்றன, புதியது வேலையைத் தொடங்குகிறது.

தையல் எதுவும் கிடையாது. புதிய வால்வைப் பிடித்து நிறுத்துவதே அந்தப் பழைய சுண்ணாம்புதான்! எனக்கு இன்னும் வியப்பு தீராத இடம் இது. அதே சுண்ணாம்பு மேடும் பள்ளமுமாக இருந்தால் ஓரத்தில் ரத்தம் கசியும். புதிய வால்வு அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால், அது அமரும் வளையமே கிழியலாம். அதனால் முன்கூட்டியே சிடி ஸ்கேனில் மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். பாதி வெற்றி அந்த அளவில்தான் இருக்கிறது என்பேன். வளையத்தை ஒட்டியே இதயத்தின் மின்பாதையும் ஓடுகிறது. அது நசுங்கினால் பேஸ்மேக்கர் தேவைப்படும்.

முன்பு வைத்த, விலங்குத் திசுவால் ஆன வால்வு தேய்ந்துபோனவர்களுக்கு இன்னொரு கவலை. ஒதுங்கும் இதழ், சற்று மேலே இருக்கும், இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் கொரோனரி தமனியின் வாயை மூடிவிடலாம். அப்படித் தெரிந்தால் மின்சாரம் பாய்ச்சிய மெல்லிய கம்பியால் அந்த இதழை முதலில் கிழித்துவிடுவார்கள். அப்புறம் வால்வை விரித்தால், ரத்தம் அந்தப் பிளவு வழியே கொரோனரிக்குள் போய்விடும்.