இலகு ரயில்: எது இலகு?

'லைட் ரயில்' என்ற ஆங்கிலப் பெயரை நாம் 'இலகு ரயில்' என்று எழுதுகிறோம். சிங்கப்பூர், இலங்கைச் செய்திகளில் இந்தப் பெயர் நன்றாகவே வேரூன்றிவிட்டது. ஆனால் படிக்கிறவர்கள் பலர் இதை எடை குறைந்த ரயில் என்று புரிந்துகொள்கிறார்கள். அது சரியில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஓடும் இலகு ரயில் வண்டி ஒன்று காலியாக நின்றாலே ஏறக்குறைய 40 டன்.

ஆங்கிலத்தில் ரயில் என்றால் முதலில் மரத்தாலோ இரும்பாலோ ஆன நீளச் சட்டம், பிறகு தண்டவாளம். நேர்கோலைக் குறித்த 'ரெகுலா' என்ற லத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாக அப்படி வந்து சேர்ந்தது. தமிழில் அதுவே வண்டிக்குப் பெயராகிவிட்டதால் 'இலகு' என்றதும் நமக்கு வண்டியின் எடைதான் தோன்றுகிறது. (இலகு வடமொழி 'லகு'தான், தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் முன்னே இகரம்.)

1972-இல் இந்தப் பெயரை இன்றைய பொருளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது அமெரிக்க நடுவண் அரசின் நகரப் போக்குவரத்துத் துறை. ஜெர்மானியர்களின் 'ஷ்டாட்பான்', அதாவது நகர ரயில், என்பதையே பெயர்த்து வைக்கலாம் என்று அங்கே சிலர் சொல்லியும் 'லைட்' தான் நின்றது. மெட்ரோவைவிடக் குறைந்த கூட்டத்தை ஏற்றும், பாதையும் அத்தனை கனமாக வேண்டாம், தெருவிலும் ஓடும், கூர்மையாகத் திரும்பும் என்பதுதான் இங்கே இலகு.

தடங்களை இணைக்கும்போது இந்தக் குணம்தான் கைகொடுக்கிறது. மான்செஸ்டரில் விக்டோரியா, பிக்காடிலி என்று இரண்டு பெரிய நிலையங்கள். இரண்டையும் நகர மையத்தின் அடியில் சுரங்கம் வெட்டிச் சேர்க்கும் திட்டம் 1970களில் பணமில்லாமல் கைவிடப்பட்டது. 1992-இல் வடக்கே பரி, தென்மேற்கே ஆல்ட்ரிங்கம் ஆகிய ஊர்களின் பழைய ரயில் தடங்களை எடுத்து, வண்டியை நகரத்துத் தெருவில் இறக்கி ஓட்டி, சுரங்கமே இல்லாமல் இணைத்துவிட்டார்கள், பயணி இறங்கி மாறவே வேண்டியதில்லை.

இதற்கு நம்மிடம் சரியான சொல் இல்லை என்பது எனக்குப் பெரிய குறை. 'இணைப்பு' என்றால் இறங்கி மாறுவதும் அதில் அடங்கிவிடுகிறது. சிங்கப்பூரில் 1999-இல் திறந்த புக்கிட் பாஞ்சாங் தடத்தில் வருகிறவர் சுவா சூ காங்கில் இறங்கி மெட்ரோ ஏறுவாரே, அது இணைப்பு. மான்செஸ்டரில் நடப்பதை 'ஊடோட்டம்' என்று சொல்லலாம். முனையில் தடத்தை வளர்ப்பது 'நீட்டிப்பு'. மூன்றையும் பிரித்துச் சொல்லாமல் திட்டம் பேசினால் குழப்பம்தான். ஏனென்றால் ஊடோட்டம் உள்ள ஊரில் ஒவ்வொரு நீட்டிப்பும் நடுத்தெருவில் இன்னும் சில வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தும். மான்செஸ்டர் 2017-இல் நகர மையத்தின் குறுக்கே இரண்டாவது தடத்தைத் திறந்தது இதனால்தான்.

சரி, லைட் ரயிலுக்கு நல்ல தமிழ் எது? புழக்கத்துக்கு 'இலகு ரயில்' போதும், அதை யாரும் திருத்த வேண்டாம். தனித்தமிழ் வேண்டுமென்றால் (ரயிலுக்கு அங்கே 'தொடரி') 'மென்தொடரி' போன்று எடையைச் சுற்றும் பெயர்களைவிட, அன்று அமெரிக்காவில் தோற்றுப்போன நகர ரயிலையே எடுத்து 'நகர்த்தொடரி' என்பேன்.